ஜனவரி ஒன்றில் நின்ற கம்ப்யூட்டர்

எங்கள் அறைக் கம்ப்யூட்டரில் தேதி நிற்காது. எப்போது போட்டாலும் 2002 ஜனவரி ஒன்று, பன்னிரண்டு மணி என்றுதான் ஆரம்பிக்கும். நான் சொல்லும் காலத்தில் அந்த 2002 போய் மூன்று வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. வெளியே ஆகஸ்ட் வெயில் மண்டையைப் பிளக்கும். திரையின் வலது மூலையில் மட்டும் புது வருடம் பிறந்துகொண்டே இருக்கும். ஊருக்கே திரும்பிப் போன ஒரு சூப்பர்வைசர் எங்கள் தலையில் கட்டிவிட்டுப் போன பழைய பெட்டி அது. "தேதி மட்டும் கொஞ்சம் மக்கர் பண்ணும், மத்தபடி ராஜா மாதிரி ஓடும்" என்று போகிற போக்கில் சொன்னார். ஓசியில் வந்ததை யார் ஆராய்ச்சி செய்வார்கள்? நாங்களும் சரி என்று வாங்கி வைத்துக்கொண்டோம்.

நாங்கள் என்றால் நானும் பாயும். ராஸ் அல் கைமாவில் டைல்ஸ் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் இரண்டு பேருக்கும் வேலை. ஆபீஸ் ஸ்டாஃப் என்பதால், கம்பெனி ஆட்கள் தங்கும் கேம்பில் எங்கள் இருவருக்கும் தனி ரூம். பாய் ராமநாதபுரம் பக்கத்துக் கடற்கரை ஊர்க்காரர், என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர், பர்ச்சேஸ் பிரிவில் இருந்தார். நான் புதுக்கோட்டைப் பக்கம். என் வேலை டைம் கீப்பர். தொழிற்சாலை கேட்டில் ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, யார் எத்தனை மணிக்கு உள்ளே போனார், எத்தனை மணிக்கு வெளியே வந்தார், யார் லேட், யாருக்கு ஓவர்டைம் என்று எழுதுவது. சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம். பாய் தினமும் சிரித்தார். "ஊருக்கெல்லாம் டைம் பாக்குற ஆளு. சொந்த ரூம்ல பாரு, டைம் மாஃபி" என்பார். மாஃபி என்றால் அரபியில் இல்லை என்று அர்த்தம்.

முன்பெல்லாம் நான் தேதியைச் சரி செய்துவிட்டுத்தான் வேறு வேலை பார்ப்பேன். பாய்க்கு நெருப்புப் பயம். வேறொரு கேம்பில் ஒரு அறை எரிந்ததைக் கண்ணால் பார்த்தவர், அதனால் டூட்டிக்குக் கிளம்பும்போது ஃபிரிட்ஜைத் தவிர எல்லா பிளக்கையும் பிடுங்கிவிடுவார். பிளக்கைப் பிடுங்கினால் பெட்டி தேதியை மறந்துவிடும். திரும்பி வந்து மூலையில் இருக்கும் மணியின் மேல் இரண்டு தட்டுத் தட்டி, வருடம், மாதம், தேதி, நிமிடம் என்று ஒவ்வொன்றாக மாற்றுவேன். ஒரு நிமிட வேலைதான். கை கழுவுவது போல அது ஒரு பழக்கமாகிவிட்டது. அப்போது யாராவது வந்து, இந்த ஒரு நிமிட வேலையை நீ விட்டால் உன் குடும்பமே போய்விடும் என்று சொல்லியிருந்தால், போடா வேலையைப் பார் என்று சொல்லியிருப்பேன்.

அந்த வருடம் ஊரில் எனக்குப் பெண் குழந்தை பிறந்தது. நான் பார்க்கவில்லை. லீவுக்கு இன்னும் ஒரு வருடத்துக்கு மேல் இருந்தது. கல்ஃபில் இருக்கிறவனுக்கு இதெல்லாம் ஒரு அதிசயம் இல்லை. பிள்ளை நடக்கத் தொடங்கிய பிறகு முகம் பார்த்தவர்கள் எங்கள் கேம்பிலேயே நிறையப் பேர். மைத்துனன் மூன்று போட்டோ அனுப்பியிருந்தான். மூன்றிலும் தூங்கிக்கொண்டிருந்தது. நாலரை மாதத்தில் காய்ச்சல் வந்தது. மூன்றே நாள். ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் மைத்துனன் போன் செய்து, "மச்சான், கெளம்பி வாங்க" என்றான். அவன் குரலிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. பாஸ்போர்ட் கம்பெனி ஆபீஸில் இருந்தது. மறுநாள் வெள்ளிக்கிழமை, ஆபீஸ் பூட்டு. சனிக்கிழமை பாஸ்போர்ட்டை வாங்கி, டிக்கெட் எடுத்து, ஞாயிற்றுக்கிழமை காலையில் திருச்சியில் இறங்கினேன். அத்தனை சின்னக் குழந்தையை அவ்வளவு நேரம் வைத்திருக்க மாட்டார்கள். எல்லாம் முடிந்திருந்தது.

மாமியார் வீட்டில் என் மனைவி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்ததும் திரும்பி, "யாரப் பாக்க வந்தீங்க?" என்றாள். கோபமாகக் கேட்கவில்லை. தெரியாமல் கேட்பதுபோலத்தான் கேட்டாள்.

எமர்ஜென்சி லீவு பத்து நாள். எனக்கு அழுகை வரவில்லை. துக்கம் விசாரிக்க வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டேன், பால் வாங்கி வந்தேன், வந்தவர்கள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதபோது நான் அவர்கள் முதுகைத் தட்டிக் கொடுத்தேன். "மாப்பிள்ளை ரொம்பத் தைரியம்" என்று யாரோ சொன்னார்கள். தைரியமாவது மண்ணாவது. உள்ளே ஒன்றுமே இல்லை. பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு கன்னம் இருக்குமே, அப்படி இருந்தது. ஒன்பதாம் நாள் அவள், "இன்னும் ஒரு வாரம் இருங்களேன்" என்றாள். வந்ததிலிருந்து அவள் என்னிடம் கேட்ட ஒரே ஒரு விஷயம். "லீவு இல்லையே" என்று சொல்லிவிட்டேன். கம்பெனிக்கு ஒரு போன் போட்டுக் கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்கள். எங்கள் மேனேஜர் ஒன்றும் கல் மனசுக்காரர் இல்லை. நான் கேட்கவே இல்லை. அந்த வீட்டிலிருந்து ஓடிவிட வேண்டும் போல இருந்தது, ஓடிவிட்டேன். இப்போது இவ்வளவு சுலபமாக எழுதுகிறேன். அப்போது என்னிடமே நான் இதைச் சொல்லிக்கொள்ளவில்லை.

திரும்பி வந்து ரூமில் பையை வைத்துவிட்டுக் கம்ப்யூட்டரைப் போட்டேன். ஜனவரி ஒன்று என்றது. இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன். என்ன தேதியாக இருந்தால் எனக்கென்ன? மறுநாளும் மாற்றவில்லை. அதற்கப்புறம் மாற்றவே இல்லை. கேட்டில் உட்கார்ந்து தினமும் ஷீட்டின் தலைப்பில் சரியான தேதியை எழுதினேன்; அது சம்பளத்துக்குச் செய்கிற வேலை. ஐந்து நிமிடம் பிந்தி வந்தவனை லேட் என்று எழுதினேன். பசித்தால் சாப்பிட்டேன். பாய் ஒரு நாள் என் தோளில் கை வைத்து, "தம்பி, கொஞ்சம் அழுதுடு" என்றார். "பாக்கலாம் பாய்" என்றேன். ஏதோ படத்துக்குக் கூப்பிட்டதற்குச் சொல்வதுபோலச் சொன்னேன்.

மனைவி போனுக்கு வரவில்லை. மாமியார் வீட்டுக்குத்தான் போன் செய்வேன், அத்தைதான் எடுப்பார். "குளிக்கிறா மாப்பிள்ளை" என்பார். அடுத்த தடவை "இப்பத்தான் படுத்தா" என்பார். அத்தைக்குப் பொய் சொல்ல வராது. ஒவ்வொரு தடவையும் சொல்வதற்கு முன் கொஞ்சம் நிறுத்துவார், அந்த நேரத்தில் அவர் பின்னால் திரும்பிப் பார்ப்பது எனக்குத் தெரியும்.

அதனால்தான் மெயில் எழுத ஆரம்பித்தேன். அவள் கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே எங்கள் பக்கத்து டவுனில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் சொல்லிக்கொடுத்தவள், அவளுக்கு மெயில் ஐடி உண்டு. மறுபடியும் அந்த வேலைக்குப் போகிறாள் என்று அத்தை சொன்னார். நேரில் பேச வராததை எழுதிவிடலாம் என்று நினைத்தேன். வெள்ளிக்கிழமை லீவு. பாய் ஜும்மா தொழுகைக்குக் கிளம்பியதும் உட்காருவேன். தமிழ் எழுத்தெல்லாம் அந்தப் பெட்டியில் கிடையாது, தமிழை இங்கிலீஷ் எழுத்தில்தான் அடிக்க வேண்டும். டயல் பண்ணி லைன் கிடைக்கிற நெட் என்பதால், முதலில் முழுக்க அடித்து வைத்துக்கொண்டு, அப்புறம் லைன் போட்டு, அனுப்பிவிட்டு, உடனே துண்டிப்பேன். மனசில் இருப்பதை எழுதத்தான் உட்காருவேன். வெயில் நாற்பத்தெட்டு டிகிரி என்று எழுதுவேன். கேன்டீன் சாம்பாரைப் பற்றி எழுதுவேன். பாய் விடும் குறட்டை பற்றி எழுதுவேன். எங்கள் கம்ப்யூட்டர் இன்னும் ஜனவரி ஒன்றிலேயே இருக்கிறது என்றுகூட ஒரு தடவை எழுதினேன். முடிவில் உடம்பைப் பார்த்துக்கொள் என்று அடித்து அனுப்பிவிடுவேன்.

பதில் வரவில்லை. மூன்று வெள்ளிக்கிழமை போனதும் அத்தையிடம், "அத்தை, மெயில் போட்டுருக்கேன், பாக்கச் சொல்லுங்க" என்றேன். அடுத்த வாரம் அத்தை, "பாத்தாளாம் மாப்பிள்ளை. ஒண்ணும் வரலைங்கிறா" என்றார்.

"மூணு போட்டுருக்கேன் அத்தை. நல்லாப் பாக்கச் சொல்லுங்க."

அதற்கு அடுத்த வாரம் அத்தை வெகுநேரம் தயங்கினார். "மாப்பிள்ளை, கோவிச்சுக்காதீங்க. பொய் சொல்ல வேணாம்னு சொல்லச் சொன்னா."

எனக்குச் சுள்ளென்று வந்தது. நானா பொய் சொல்கிறேன்? படித்துவிட்டு வரவில்லை என்கிறாள், என்மேல் அவ்வளவு வெறுப்பு என்று நினைத்தேன். அந்தக் கோபமும் இரண்டு நாளில் அடங்கிவிட்டது. கோபப்படவும் உள்ளே கொஞ்சம் ஆள் இருக்க வேண்டும் அல்லவா? ஆனாலும் வெள்ளிக்கிழமை ஆனால் எழுதினேன். ஏன் என்று கேட்டால் தெரியாது. பத்தாவது பதினோராவது வாரம் அத்தை நேராகவே சொல்லிவிட்டார். "அவ இனிமே ஒங்க வீட்டுக்கு வரலைங்கிறா மாப்பிள்ளை. இங்கேயே இருந்து வேலைக்குப் போறேங்கிறா. ஒரு வரி எழுத மனசில்லாதவரோட எப்படிம்மா இருக்குறதுன்னு கேக்குறா. எங்க வீட்டு ஆம்பளைங்க நீங்க லீவுக்கு வந்ததும் உக்காந்து பேசி முடிச்சிரலாம்னு இருக்காங்க." பேசி முடிப்பது என்றால் எங்கள் பக்கத்தில் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். குழந்தை போய்விட்டது, அடுத்து அவளும் போகப்போகிறாள். "சரி அத்தை" என்று சொல்லி வைத்துவிட்டேன். வைத்துவிட்டுப் போய் துணி துவைத்தேன்.

இந்த நிலைமையில்தான் பாய் புஜைராவுக்குப் போய்விட்டு வந்தார். அண்ணனைக் காக்கா என்று கூப்பிடும் அவருடைய தம்பி அங்கே துறைமுகத்துக்குப் பக்கத்தில் கப்பல்காரர்களுக்குச் சாமான் விற்கும் கடை வைத்திருந்தார். பாய்க்கு அப்போது மெயில் பைத்தியம். "போன் எதுக்கு, மெயில் போட்டாச் சேந்துரும்" என்று எல்லோருக்கும் பெருமையடிப்பார், அடிக்க வராது, என்னைத்தான் அடித்துக் கொடுக்கச் சொல்வார். வருகிற வெள்ளிக்கிழமை காலையில் வருகிறேன், கடையில் இரு என்று தம்பிக்கு அவர் சொன்னதை நான்தான் அடித்து அனுப்பினேன். அந்த வெள்ளிக்கிழமை காலையில் கிளம்பிப் போனவர் சாயங்காலம் நாலு மணிக்கு முகம் கறுத்து வந்து நின்றார். நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

"என்ன தம்பி மெயில் போட்டே நீ?"

"ஏன் பாய்? போயிருச்சே."

"போச்சு. எங்க போச்சு தெரியுமா? ரெண்டாயிரத்து ரெண்டுக்குப் போச்சு! கடை வாசல்ல ரெண்டு மணி நேரம் கருவாடு மாதிரிக் காஞ்சேன். அந்தத் தொரை கடையப் பூட்டிட்டுக் கடல்ல குளிக்கப் போயிட்டார். ஜும்மாவுக்குத்தான் வந்து சேந்தான். கேட்டா, மெயிலே வரலைங்கிறான். தெறடா, காட்டுடான்னு நின்னேன். தெறந்தா, மேல இல்ல. கீழ போறான், போறான், அடுத்த பக்கம், அதுக்கடுத்த பக்கம். எல்லாத்துக்கும் அடியில கெடக்கு. தேதி ஜனவரி ஒண்ணு. 'காக்கா, நான் பிளேன் ஏறுறதுக்கு முன்னாடியே எனக்கு மெயில் போட்டுட்டியே'ன்னு என்னையே நக்கல் பண்றான்!"

நான் சிரித்தேன். ஊரிலிருந்து வந்த பிறகு முதல் தடவையாகச் சிரித்தேன். பாயும் கோபம் போய்ச் சிரித்தார். சிரித்துக்கொண்டிருக்கும்போதே கத்தி பிடித்த கை நின்றுவிட்டது. "பாய், எங்க கெடந்துச்சுன்னு சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"அடியில தம்பி. கடைசிப் பக்கத்துல. கம்ப்யூட்டர் என்ன தேதி சொல்லுதோ அந்தத் தேதியிலதான் மெயில் போயி உக்காருமாம்."

வெங்காயத்தை அப்படியே வைத்துவிட்டுக் கம்ப்யூட்டரைப் போட்டு, நான் அனுப்பிய மெயில்களைத் திறந்து பார்த்தேன். அவளுக்கு அனுப்பியது மட்டும் பதினாலு. பதினாலுக்கும் ஒரே தேதி. பன்னிரண்டு மணி ஐம்பது நிமிடம், பன்னிரண்டு ஐம்பத்தைந்து, ஒரு மணி. பதினாலு வெள்ளிக்கிழமை எழுதியதெல்லாம் ஒரே நாளில், ஒரே மூச்சில் எழுதியதுபோல வரிசையாக இருந்தன. அவளுடைய மெயில் பெட்டியில் வேலைக்கு ஆகாத மெயில்கள் நூற்றுக்கணக்கில் குவிந்து கிடக்கும் என்று எனக்குத் தெரியும். வாரா வாரம் அவள் திறந்து முதல் பக்கத்தைப் பார்த்திருக்கிறாள். நான் எழுதியது எல்லாம் அடியில் போய் விழுந்திருக்கிறது. "பாய், அவ பொய் சொல்லல" என்றேன். பாய்க்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

உள்ளே காசு மாதிரி ஒரு பேட்டரி இருக்கும், அது செத்தால்தான் இப்படி ஆகும் என்று பாயின் தம்பி சொல்லி அனுப்பியிருந்தாராம். "கரென்ட்ல ஓடுற சாமானுக்கு எதுக்குப் பேட்டரி?" என்று பாய் கேட்டார். நான் அதற்குள் திருப்புளியோடு பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்ற ஆரம்பித்துவிட்டேன். உள்ளே எங்கள் தொழிற்சாலை முழுக்க இருந்தது. டைல்ஸ் மண்ணின் வெள்ளைத் தூசி விரல் கனத்துக்குப் படிந்து கிடந்தது. ஊதினேன், பாய் தும்மினார். ஒரு மூலையில், வட்டமாக, பளபளப்பாக அது இருந்தது. நகத்தால் நெம்பினால் வந்துவிட்டது. இத்தனூண்டு சாமான்.

கேம்பிலிருந்து டாக்ஸி பிடித்து டவுனுக்குப் போனோம். வாட்ச் கடைக்காரர் மலையாளி. வெள்ளிக்கிழமை மதியத்துக்குப் பிறகு அப்போதுதான் ஷட்டரைத் தூக்கியிருந்தார். பேட்டரியைப் பார்த்துவிட்டு, "ஏது வாட்சினா சேட்டா?" என்றார். வாட்ச் இல்லை, கம்ப்யூட்டருக்கு என்றேன். "கம்ப்யூட்டரும் வாட்ச் கெட்டித் துடங்கியோ?" என்று, அதுவும் வாட்ச் கட்ட ஆரம்பித்துவிட்டதா என்ற அர்த்தத்தில், சிரித்துக்கொண்டே அதே மாதிரி ஒன்றை எடுத்துக் கொடுத்தார். பாய் இன்னொன்றும் வாங்கி வைத்துக்கொண்டார். "இது செத்தா அது. நீ இனிமே யாரையும் நம்பாத" என்றார்.

புதுப் பேட்டரியை அமுக்கிப் போட்டுப் பெட்டியை இயக்கியதும் நீலத் திரை வந்து தேதியைக் கேட்டது. கேட்டில் அன்றாடம் எழுதுகிற தேதிதான். ஆனாலும் அந்தத் திரையில் ஒவ்வொரு எண்ணாக ஏற்றிக்கொண்டு போகும்போது, இருந்திருந்தால் இன்றைக்கு எட்டு மாதம் என்று கணக்குத் தானாக வந்தது. எட்டு மாதத்தில் தவழ்வார்களா, உட்காருவார்களா என்று எனக்குத் தெரியவில்லை. பாயிடம் கேட்கவில்லை. சேமிக்கவா என்று கேட்டது, ஆம் என்று அழுத்தினேன். பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் திரும்பவும் போட்டுப் பார்த்தோம். சரியாக இருந்தது. பாய் "கலாஸ், முடிஞ்சுச்சு" என்று கையைத் தட்டினார்.

உடனே அவளுக்கு ஒரே ஒரு வரி அடித்து அனுப்பினேன். இந்த மெயில் மேலே வரும், மற்ற எல்லாம் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது, தேதி தப்பு, போய்ப் பார். அது போதாது என்று போனும் செய்தேன். அத்தைதான் எடுத்தார். பேட்டரி, தேதி, ஜனவரி என்று நான் கடகடவென்று சொல்ல, பாவம் அவருக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. கடைசியில், "கடைசிப் பக்கம்னு சொன்னாப் போதுமா மாப்பிள்ளை?" என்றார். "போதும் அத்தை. அது மட்டும் சொல்லுங்க." பின்னால் திரும்பி, "கடைசிப் பக்கத்தப் பாக்கணுமாம்டி" என்று அவர் சொல்வது கேட்டது.

அன்றைக்கு நன்றாகச் சாப்பிட்டேன். "எல்லாம் அந்தப் பேட்டரி பண்ணுன வேலை பாய்" என்று நாலைந்து தடவை சொல்லியிருப்பேன். அப்பாடா என்றிருந்தது. மாதக்கணக்காக என்மேல் இருந்த பாரத்தை அந்த வட்டத் தகட்டின் தலையில் இறக்கி வைத்துவிட்டேன். பாய், "அல்லா லேசாக்குவான்" என்றார்.

சனி, ஞாயிறு, திங்கள் போயின. ஒரு தகவலும் இல்லை. செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணி இருக்கும், கேட்டில் ஆள் நடமாட்டம் இல்லாத நேரம், என் மொபைலில் மிஸ்டு கால் வந்தது. ஊர் நம்பர், ஆனால் தெரியாத நம்பர். ஊரிலிருந்து மிஸ்டு கால் வந்தால் நாம் திருப்பிக் கூப்பிட வேண்டும், அதுதான் வழக்கம். கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தாள். கம்ப்யூட்டர் சென்டருக்குக் கீழே இருந்த எஸ்டிடி பூத்தில் நின்றிருந்தாள்; பஸ் ஹாரன் கேட்டது.

"படிச்சுட்டேன்" என்றாள்.

"எல்லாமா?"

"பதினாலும். நானும் பிள்ளைங்களுக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக்குடுக்குறவதான். கடைசிப் பக்கத்தப் பாக்கணும்னு தோணவே இல்ல. ஒங்களப் பொய்யின்னு சொல்லிட்டேன். அது தப்புதான்."

"ஒம்மேல தப்பே இல்ல. பேட்டரி போயிருந்துச்சு. உள்ளுக்குள்ள சின்னதா ஒரு பேட்டரி இருக்கும், அது..."

"தெரியும்."

எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தேன். நன்றாக இருக்கிறாயா என்று கேட்கலாமா, சாப்பிட்டாயா என்று கேட்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

"வெயில் இருக்கு" என்றாள். "கேன்டீன் சாம்பார் இருக்கு. பாய் கொறட்ட விடுறது இருக்கு. கம்ப்யூட்டர் தேதி தப்புன்னுகூட நீங்களே எழுதியிருக்கீங்க. ஏங்க, பதினாலு லெட்டர்ல நம்ம புள்ள பேரு ஒரு எடத்துலகூட இல்லையே."

பேட்டரி, தேதி, கடைசிப் பக்கம் எல்லாம் ஒரு நொடியில் ஒன்றுமில்லாமல் போயின. அந்தக் கடிதங்கள் எல்லாம் சரியான தேதியில், சரியான வாரத்தில், முதல் பக்கத்தில், அவள் கண் முன்னால் வந்து இறங்கியிருந்தாலும் அவள் இதையேதான் கேட்டிருப்பாள். இன்னும் முன்னாலேயே கேட்டிருப்பாள்.

"எழுதப் பாத்தேன்" என்றேன்.

மொபைலை அடுத்த காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"பேர்ல ழ வருதே. இங்கிலீஷ்ல அடிக்கிறப்ப எசட் ஹெச் போடுறதா, எல் போடுறதான்னு தெரியல. ரெண்டையும் போட்டுப் பாத்தேன். பாக்க வேற யாரு பேரு மாதிரியோ இருந்துச்சு. அழிச்சுட்டேன். ஒவ்வொரு வாரமும் அழிச்சுட்டேன்."

சொல்லும்போதே எனக்கு வெட்கமாக இருந்தது. பெற்ற பிள்ளையின் பெயருக்கு ஸ்பெல்லிங் தெரியவில்லை என்று ஒருத்தன் காரணம் சொல்வானா? ஆனால் அது உண்மைதான். அந்தப் பெயரை யாரும் இங்கிலீஷில் எழுதியதே இல்லை. பள்ளிக்கூடம் இல்லை, பாஸ்போர்ட் இல்லை, தேவைப்படும் அளவுக்குக் குழந்தை இருக்கவில்லை. பெயர் வைத்த அன்று போனை அதன் காதில் வைத்தார்கள், நான் இங்கிருந்து "பாப்பா, பாப்பா" என்றேன். அதற்கப்புறம் எப்போது போனைக் கொடுத்தாலும் பாப்பாதான்.

அவள் அழுகிறாளா என்று காதை அழுத்தி வைத்துக் கேட்டேன். ஹாரன் சத்தம்தான் கேட்டது. பிறகு, பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் குரலில், "பேனா இருக்கா?" என்றாள்.

"இருக்கு."

"எழுதிக்கங்க."

முதல் எழுத்தைச் சொன்னாள். வருகைத் தாளின் ஓரத்தில் எழுதினேன். அடுத்த எழுத்தைச் சொன்னாள். அவசரப்படாமல், ஒவ்வொன்றுக்கும் நடுவே நான் எழுதி முடிக்கும்வரை நின்று சொன்னாள். ழகரம் வந்த இடத்தில், "எசட். ஹெச்" என்றாள். அவள் முன்பே யோசித்து வைத்திருந்தாள் என்று தெரிந்தது. கண்ணாடிக்கு வெளியே ஒரு லாரி டிரைவர் சீட்டை ஆட்டிக்கொண்டு நின்றார். "ஏக் மினிட்" என்று கையைக் காட்டினேன்.

"எழுதிட்டீங்களா?"

"எழுதிட்டேன்."

"வாசிங்க."

கீழ் உதடு என் பேச்சைக் கேட்கவில்லை. அத்தனை மாதமாக வராத அழுகை அந்தக் கண்ணாடிக் கூண்டுக்குள், பட்டப்பகலில், லாரி டிரைவர் பார்த்துக்கொண்டிருக்கும்போது வந்தது. "வாசிங்கங்க" என்று அவள் மறுபடியும் சொன்னாள்.

வாசித்தேன். என் மகளை நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.